பழைய இழுவைக் கப்பல் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?

பழைய டக் (இழுவைக் கப்பல்) ஒன்றை ஆய்வு செய்யப் போனால் உரிமையாளர் முதலில் கேட்பது இதைத்தான். கட்டிய வருஷத்தை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. நான் அவர்களுக்கு வழக்கமாகச் சொல்வது அமெரிக்கக் கடற்படையின் 'ஸூனி' என்ற டக்கின் கதை.

1943இல் ஒரெகன் மாநிலப் போர்ட்லாந்தில் கட்டிய கப்பல், நீளம் 205 அடி. டீசல் எஞ்சின்கள் மின்சாரம் தர, மோட்டார்கள்தான் புரொப்பெல்லரைச் சுழற்றும். அலையில் இழுவை வடம் இறுகித் தளரும்போது அந்த அதிர்ச்சி எஞ்சினை நேராகத் தாக்காது. 1944 நவம்பரில் டார்பிடோ தாக்கிய 'ரீனோ' என்ற குரூசர் போர்க்கப்பலை 1,500 மைல் தூரம் பசிபிக்கிலுள்ள உலித்தி தீவு வரை இழுத்துச் சேர்த்தது. அடுத்த மார்ச்சில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் தானே தரைதட்டியது. 1946இல் கடலோரக் காவல்படைக்குப் போய் 'டமரோவா' என்று பெயர் மாறியது.

போரைத் தாங்கிய கப்பல் கவிழப் பார்த்தது எங்கே தெரியுமா? புரூக்ளினில், பழுதுபார்க்க ஏறியிருந்த மிதக்கும் டாக்கில் (தொட்டிகளில் நீரை ஏற்றி இறக்கிக் கப்பலைத் தூக்கி நிறுத்தும் மேடை). 1963 மார்ச் மாதம் ஓர் இரவு. குடித்துவிட்டுத் திரும்பிய மாலுமி ஒருவர் டாக்கின் சுவரிலிருந்த வால்வுச் சக்கரங்களைத் திருகிவிட்டார். தொட்டிகளில் தண்ணீர் ஏறி டாக் சாய, கப்பல் தன்னைத் தாங்கிய கட்டைகளிலிருந்து சரிந்து பாதி மூழ்கியது. டாக்கின் உரிமையாளர் அரசின் மேல் வழக்குப் போட்டார். மாலுமி பணி நேரத்தில் இல்லை என்று அரசு வாதாடியும் எடுபடவில்லை. கப்பல் டாக்கில் நின்றால் மாலுமிகள் இரவில் வருவதும் போவதும் நடக்கிற விஷயம்தானே, அதனால் வரும் சேதத்துக்கு அரசுதான் பொறுப்பு என்று 1968இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால்தான் டாக்கில் கேங்வே (கப்பலில் ஏறி இறங்கும் வழி) காவலை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். யார் உள்ளே வந்தார், போனார் என்று பதிவேடு இருக்க வேண்டும். வால்வுக்குப் பூட்டும் சங்கிலியும் வேண்டும். "ராத்திரியில யார் சார் வரப்போறா?" என்று சொல்லும் யார்டில் (கப்பல் பழுதுபார்க்கும் தளம்) கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்பேன்.

அப்புறம் அதைச் சரிசெய்து ஓட்டினார்கள். 1991 அக்டோபர் கடைசியில் அட்லாண்டிக்கை உலுக்கிய புயலில், கடலில் இறங்க நேர்ந்த ஹெலிகாப்டரின் ஐந்து பேரில் நால்வரை மீட்டது. அப்போது அதற்கு 48 வயது! 1994இல் ஓய்வு. அருங்காட்சியகமாக்க ஆர்வலர்கள் பாடுபட்டார்கள். அடித்தகட்டில் ஏற்பட்ட கசிவு அந்தக் கனவை முடித்தது. 2017 மே மாதம் செயற்கைப் பவளப்பாறைக்காக அட்லாண்டிக்கில் மூழ்கடித்தார்கள்.

ஓடிய காலத்தில் இவ்வளவு தாங்கிய கப்பலை, கட்டிப்போட்ட காலத்தில் அரிப்பு முடித்துவிட்டது. ஓடும் கப்பலில் தினமும் யாராவது பில்ஜை, அதாவது தண்ணீர் தேங்கும் அடிப்பகுதியை, பார்ப்பார்கள். நிறுத்திவைத்ததில் எஞ்சின் அறைக்கு அடியில் தேங்கிய உப்புத் தண்ணீர் உள்ளிருந்து தகட்டைத் தின்னும். வெளியே புதுப் பெயிண்ட் பளபளக்கும். அதனால் சுத்தியலும் தகட்டின் தடிமன் அளக்கும் அல்ட்ராசோனிக் கருவியுமாக நான் முதலில் இறங்குவது பில்ஜுக்குள்தான். தடிமன் அளக்கும் புள்ளிகளை யார்டிடம் விடாமல் நானே குறிப்பேன். அவர்களிடம் விட்டால் கை எட்டுகிற இடத்தில் மட்டுமே அளப்பார்கள்.

உங்கள் டக் ஓடாமல் கட்டிக் கிடக்கிறதா? சரி, பில்ஜ் அலாரத்தின் மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள். மணி ஆளில்லாத வீல்ஹவுஸில் (கப்பலை ஓட்டும் அறை) மட்டும் அடித்தால், கரையில் இருக்கும் காவலாளிக்குக் கேட்கும்படி இன்னொன்று இழுத்துக் கட்டுங்கள்.