சுவர்ப் பூச்சுக்கு 53 கிரேடு சிமெண்ட் எதற்கு?

மதுரையைச் சுற்றி வீடு கட்டுவோரில் பலர், அஸ்திவாரம் முதல் சுவர்ப் பூச்சு வரை எல்லாவற்றுக்கும் 53 கிரேடு சிமெண்ட்டையே (சாம்பல் கலக்காத, வலிமை மிகுந்த சாதாரண சிமெண்ட்) கேட்டு வாங்குகிறார்கள். கட்டுமானப் பொறியாளர் என்ற முறையில் இதை நான் ஏற்பதில்லை; பூச்சு போன்ற வேலைகளுக்குச் சாம்பல் கலந்த சிமெண்ட்டே போதும் என்பது என் கருத்து.

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சூளையில் ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கிளிங்கர் கிடைக்கிறது; அதை ஜிப்சத்துடன் அரைத்தால் சிமெண்ட். இதில் வெளிவரும் கரியமில வாயுவில் பாதிக்கும் மேல் எரிபொருளிலிருந்து வருவதன்று. சூடேறிய சுண்ணாம்புக்கல்லே சிதைந்து வெளிவிடுவது. ஆகவே நம் பக்கத்துக் கமுதியில் உள்ள 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் போன்றவற்றிலிருந்தே ஆலைக்குத் தேவையான மின்சாரம் முழுவதையும் எடுத்தாலும், கல்லிலிருந்து வரும் வாயு நிற்காது. கிளிங்கரின் அளவைக் குறைப்பதுதான் நம் கைக்கு எட்டிய வழி.

கிளிங்கரைக் குறைத்துச் செய்யும் அத்தகைய சிமெண்ட்தான் பிபிசி (போர்ட்லேண்ட் பொசலோனா சிமெண்ட்); இதில் அனல் மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை சேர்க்க ஐஎஸ் 1489 என்ற இந்தியத் தரவிதி அனுமதிக்கிறது. இதைக் கலப்படம் என்று எண்ணுவது தவறு. சிமெண்ட் நீருடன் வினைபுரியும்போது உண்டாகும் சுண்ணாம்போடு இச்சாம்பல் மெல்லச் சேர்ந்து, கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கிறது. வெப்பமும் குறைவாகவே வெளிப்படுகிறது. தொடக்கத்தில் வலிமை மெதுவாகத்தான் ஏறும் என்பதால், சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்க அவசரப்படக் கூடாது.

பூச்சு வேலையில் நடப்பதைச் சொல்ல வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று, மட்டப்பலகை இழுத்த ஈரச் சுவரில் உலர் சிமெண்ட்டைத் தூவித் தேய்க்கும் பழக்கம் பல இடங்களில் உள்ளது. மேற்பரப்பில் மட்டும் சிமெண்ட் மிகுவதால் அது அதிகமாகச் சுருங்கி, சிலந்தி வலை போன்ற மெல்லிய விரிசல்கள் தோன்றுகின்றன. பிறகு அதைச் சரிசெய்ய மீண்டும் சிமெண்ட், மீண்டும் கூலி. உட்பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஆறு பங்கு மணல் போதுமானது.

பிபிசியின் பலன் நீராற்றுவதில்தான், அதாவது கான்கிரீட்டைக் காயவிடாமல் ஈரமாக வைத்திருப்பதில்தான் இருக்கிறது. குறைந்தது 10 நாட்கள் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456. சித்திரை, வைகாசி வெயிலில் 14 நாட்கள் செய்வதே நல்லது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். தூண்களில் சாக்கைச் சுற்றி, அது காயாதபடி நனையுங்கள். மேஸ்திரியிடம் வேலையை ஒப்படைக்கும்போது சிமெண்ட் வகை, கலவை விகிதம், நீராற்றும் நாட்கள் ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.