9.3×62: படை ரைஃபிளுக்குள் அடங்கிய பெரிய தோட்டா

9.3×62 என்ற எண்ணைக் கேட்டால் நம்மில் பெரும்பாலோருக்கு எதுவும் தோன்றாது. மேக்னம், எக்ஸ்பிரஸ் என்று மிரட்டும் பெயர் எதுவும் இதற்கு இல்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொழுதுபோக்கு வேட்டைக்கு இன்று தடை இருப்பதால், பழகிக்கொள்ளும் வாய்ப்பும் நமக்கு இல்லை. ஆனால் சுவீடனில் மூஸ் என்னும் பெரிய மானையும், ஜெர்மனியில் காட்டுப்பன்றியையும் வேட்டையாடுகிறவர்களுக்கு இது நூறாண்டுக்கும் மேலாகக் கைக்குப் பழகிய தோட்டா. ஒரு தோட்டாவின் அளவுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

முதல் எண் பறந்துபோகும் குண்டின் விட்டம்: 9.3 மில்லிமீட்டர். இரண்டாவது எண் பித்தளைக் கூட்டின் நீளம்: 62 மில்லிமீட்டர். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். 9.3×64, 9.3×74ஆர் என்று வேறு தோட்டாக்களும் உண்டு. குண்டின் விட்டம் ஒன்றுதான், ஆனால் கூடு வேறு, அழுத்தம் வேறு. ஒன்றுக்குச் செய்த ரைஃபிளில் மற்றொன்றைப் போடக் கூடாது. முதல் எண்ணை மட்டும் பார்த்துத் தோட்டா வாங்குவது உயிரோடு விளையாடுவது.

இதை 1905இல் உருவாக்கியவர் ஓட்டோ போக், பெர்லின் நகரத்துத் துப்பாக்கித் தயாரிப்பாளர். அப்போது ஆப்பிரிக்காவில் ஜெர்மனிக்குக் குடியேற்ற நாடுகள் இருந்தன. இன்றைய தான்சானியா, நமீபியா எல்லாம் அதில் அடக்கம். அங்கே குடியேறிய பண்ணைக்காரர்களுக்கு, எருமைக்கும் சிங்கத்துக்கும் தாங்கும் துப்பாக்கி தேவைப்பட்டது. அந்த வேலைக்கென்று இங்கிலாந்தில் செய்யப்பட்ட இரட்டைக்குழல் ரைஃபிள்கள் பெரும் பணக்காரர்களுக்கே கட்டுப்படியாகும். மலிவாகவும் உறுதியாகவும் கிடைத்தது மவுசர் 98, ஜெர்மன் படை 1898இல் ஏற்றுக்கொண்ட போல்ட் ரைஃபிள், அதாவது போல்ட் என்னும் எஃகுத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் வகை. ஆனால் அதன் தோட்டா 8 மில்லிமீட்டர் வகை. மனிதர்களுக்கு எதிரான போருக்காக வந்தது, யானைக்காக அல்ல.

போக் ரைஃபிளை மாற்றவில்லை, தோட்டாவை மாற்றினார். படைத் தோட்டாவின் அடிப்பாகத்தை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டார். அதனால் போல்ட்டின் முகப்பைக் கடைய வேண்டியதில்லை. கூட்டை 57 மில்லிமீட்டரிலிருந்து 62க்கு நீட்டி, அகலமான கழுத்தில் பெரிய குண்டைச் செருகினார். முழுத் தோட்டாவின் நீளம் சுமார் 83.6 மில்லிமீட்டர். வழக்கமான மவுசர் மேகசினில் அது உட்காரும். பெரிய விலங்குகளுக்கான புகழ்பெற்ற .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டா 1912இல்தான் வந்தது. அதன் நீளமோ 91 மில்லிமீட்டரைத் தாண்டும். அதற்கென்று நீளமான, விலை கூடிய ரைஃபிள் வேண்டும். போக் செய்த வேலையின் அருமை எனக்கு இங்கேதான் தெரிகிறது.

சரி, விசையை இழுத்தால் உள்ளே என்ன நடக்கிறது? ஊசி போய், கூட்டின் அடியில் பதித்திருக்கும் பிரைமர் என்ற சிறு பற்றவைப்பானைத் தட்டுகிறது. அதன் தீப்பொறி கூட்டுக்குள் இருக்கும் புகையற்ற வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. அந்த மருந்து குண்டுவெடிப்பு போல ஒரே கணத்தில் சிதறுவதில்லை. ஒவ்வொரு துகளும் மேற்பரப்பிலிருந்து எரிந்து வாயுவாகிறது. அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் கூடும். இந்தத் தோட்டாவுக்கு ஐரோப்பியத் தரம் வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் 3900 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 3900 மடங்கு.

அவ்வளவு அழுத்தத்தைப் பின்பக்கம் கசியவிடாமல் பிடித்து வைப்பது பித்தளைக் கூடுதான். அழுத்தம் ஏறும்போது அது உப்பி, தோட்டா உட்கார்ந்திருக்கும் எஃகு அறையின் சுவரோடு ஒட்டி அடைத்துக்கொள்கிறது. குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் துளி சுருங்கிச் சுவரை விடுகிறது. அதனால்தான் போல்ட்டை இழுத்தால் வெற்றுக்கூடு இலகுவாக வெளியே வருகிறது. அடைக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். கூட்டுக்குப் பித்தளையை விரும்புவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழற்றுகின்றன. 9.3×62க்கு வழக்கமான அளவு 360 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. வினாடிக்கு 720 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு வினாடிக்கு 2000 முறை சுழல்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பம்பரம் சுழலும் வரை சாயாமல் நிற்பது போல, அந்தச் சுழற்சிதான் குண்டைத் தலைகீழாகப் புரளாமல் காக்கிறது.

720 மீட்டர் என்பது இன்றைய ரைஃபிள்களில் அப்படியொன்றும் பெரிய வேகம் இல்லை. இந்தத் தோட்டாவின் பலம் எடையில் இருக்கிறது. வழக்கமான குண்டு 18.5 கிராம். எடையைக் குண்டின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 27.2 கிராம் அளவில் வரும். .375இன் 19.4 கிராம் குண்டுக்கும் அதே விடைதான். இந்த எண் கூடினால், மற்றவை சமமாக இருக்கும்போது, குண்டு தசையையும் எலும்பையும் கடந்து இன்னும் ஆழமாகப் போகும். பெரிய விலங்கு வலியில் நீண்ட நேரம் துடிக்காமல் விழ வேண்டுமென்றால் குண்டு இதயத்தையோ நுரையீரலையோ எட்டியாக வேண்டும். தோலுக்குக் கீழேயே நொறுங்கிப்போகும் வேகமான குண்டு அங்கே உதவாது.

சுவீடனின் சட்டத்தில் இந்தக் கருத்து எழுத்திலேயே இருக்கிறது. மூஸ் வேட்டைக்கு 9 கிராம் குண்டென்றால் 100 மீட்டர் தொலைவில் குறைந்தது 2700 ஜூல் ஆற்றல் வேண்டும். 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 2000 ஜூல் போதும். எடை கூடினால் ஆற்றல் வரம்பு தளர்கிறது. 9.3×62 குழலை விட்டுக் கிளம்பும்போதே 4800 ஜூலை ஒட்டி நிற்கிறது.

இதற்கு விலையும் உண்டு. 100 மீட்டருக்குக் குறி சரிசெய்த ரைஃபிளில் 200 மீட்டரில் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் கீழே போய்விடும். அதற்கப்பால் வீழ்ச்சி வேகமாகக் கூடும். எனவே திறந்த சமவெளிக்கு இது ஏற்றதல்ல. காட்டுக்குள், கிட்டத்திலிருந்து சுடுவதற்கு ஏற்றது. அப்புறம் தோளில் விழும் உதை. 4 கிலோ ரைஃபிளைக் குண்டின் உந்தம் மட்டுமே வினாடிக்கு 3.3 மீட்டர் வேகத்தில் பின்னுக்குத் தள்ளும். கூடவே பீறிடும் வாயுவையும் சேர்த்தால் அந்த வேகம் 4 மீட்டரைத் தாண்டிவிடும். பழக்கம் இல்லாதவர் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் விலங்கு காயத்தோடு ஓடும். அந்தக் கொடுமையைவிடச் சிறிய தோட்டாவோடு நன்றாகச் சுடுவது எவ்வளவோ மேல்.

இப்போது குண்டின் உள்ளிருக்கும் ஈயமும் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. சுட்ட விலங்கின் குடலைக் காட்டிலேயே விட்டுவிட்டால், அதில் சிதறிக் கிடக்கும் ஈயத் துணுக்குகளைத் தின்று வெண்வால் கடற்கழுகுகள் நஞ்சேறிச் சாகின்றன. டென்மார்க் 2024 ஏப்ரலிலிருந்து வேட்டைத் தோட்டாக்களில் ஈயக் குண்டைத் தடைசெய்துவிட்டது. மாற்றாக வரும் செம்பின் அடர்த்தி ஈயத்தைவிடக் குறைவு. அதே எடை வேண்டுமென்றால் குண்டு நீள வேண்டும். நீண்ட குண்டு கூட்டுக்குள் மருந்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நிலையாகப் பறக்க வேகமான சுழற்சியும் கேட்கும். அதனால் 9.3×62க்கான செம்புக் குண்டுகளில் பலவற்றை 16 கிராம் அளவுக்கு எடை குறைத்தே செய்கிறார்கள். செம்பு சிதறாமல் இதழ் விரித்து எடையை இழக்காமல் உள்ளே போவதால், அந்தக் குறைவு ஆழத்தில் பெரிதாகத் தெரிவதில்லை.