தோட்டா வேற, குண்டு வேற, புல்லட்னா சென்னைல பைக்கு

போன மாசம் ஒரு சப்டைட்டில் வேலை வந்துச்சு. அமெரிக்காக்காரர் ஒருத்தர் தன் ரைபிளுக்கு வீட்லயே தோட்டா தயார் பண்ணி, எது ஒழுங்கா சுடுதுன்னு டெஸ்ட் பண்ற வீடியோ. நானும் புல்லட்னு வர்ற எடத்துல எல்லாம் தோட்டா தோட்டான்னு போட்டுக்கிட்டே போனேன், ஒரு எடத்துல அவர் புல்லட்ட கேஸுக்குள்ள, அதாவது பித்தளைக் கூட்டுக்குள்ள, அழுத்தி உக்கார வெக்கிறாரு, நான் எழுதி வெச்சது "தோட்டாவை தோட்டாவுக்குள் செருகவும்". ரேஞ்சுக்கு போய் சுடுற என் மச்சான் அத படிச்சிட்டு, "மாமா, முட்டைய முட்டைக்குள்ள வெக்க சொல்றீங்களே"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சான்.

விஷயம் இதான். பித்தளைக் கூடு, அதோட அடியில தீப்பொறி கெளப்புற ப்ரைமர், உள்ள வெடிமருந்து, வாயில செருகின குண்டு, இந்த நாலும் சேர்ந்த முழு உருப்படிதான் தோட்டா. பறந்து போறது குண்டு மட்டும். "தோட்டா நெஞ்சில் பாய்ந்தது"ன்னு பேப்பர்ல போடறாங்களே, நெசத்துல காலி கூடு சுட்டவன் கிட்டயேதான் கெடக்கும்.

சரி, தோட்டா தமிழான்னா இல்ல. உருதுல டோட்டா, தெலுங்குல தூட்டா. நம்ம ஊர்ப்பக்கம் கிணறு வெட்டும்போது பாறைக்கு வெடி வெக்கிறதையும் தோட்டான்னுதான் சொல்லுவாங்க, மருந்து அடைச்ச சுருள்ங்கற அர்த்தம் அதுல இன்னும் இருக்கு. இங்கிலீஷ் கார்ட்ரிட்ஜும் அப்படித்தான், ப்ரெஞ்சு கார்தூஷ், அதுக்கு முன்னாடி இத்தாலியன் கார்தோச்சோ, காகிதச் சுருள்னு அர்த்தம். அந்தக் காலத்துல மருந்தையும் குண்டையும் பேப்பர்ல சுருட்டி வெச்சிருப்பாங்க, பல்லால கடிச்சு கிழிச்சு குழல்ல கொட்டணும். 1857ல சிப்பாய்ங்க கொதிச்சது இந்த பேப்பர்ல தடவின கொழுப்பாலதான், அது என்ஃபீல்டு ரைபிளோட தோட்டா. (நம்ம வேலூர்ல 1806லயே கலகம் வந்துடுச்சு, ஆனா அது தலைப்பாகைக்காக, தோட்டாக்கு இல்ல.)

இப்ப புல்லட். ப்ரெஞ்சுல பூலெட், சின்ன உருண்டைன்னு அர்த்தம். ஏர் ரைபிள்ல போடற பெல்லட்டும் உருண்டைங்கற வேர்ல வந்ததுதான், நம்ம குண்டும் உருண்டைதான். மூணுமே இன்னிக்கு உருண்டையா இல்ல. 1849ல மினியேங்கற ப்ரெஞ்சுக்காரர் கூம்பு மாதிரி குண்டு செஞ்சாரு, அதையும் மினியே பால் (பால்னா பந்து)னுதான் கூப்ட்டாங்க, ராணுவ டப்பால இன்னிக்கும் ஊசி மூக்கு குண்டுக்கு பால்னுதான் அச்சடிக்கிறாங்க. அதனால குண்டுங்கற சொல்ல பழசுன்னு ஒதுக்க வேண்டாம். ஒரே சிக்கல், பாம்முக்கும் நாம குண்டுன்னுதான் சொல்றோம், அதுக்கு பாய்ஞ்சுதா வெடிச்சுதான்னு வினைய பாத்து புரிஞ்சிக்க வேண்டியதுதான். இலங்கைத் தமிழர்கள் ரவை, சன்னம்னு அழகா எழுதுவாங்க, ஆனா சென்னைல ரவைன்னா உப்புமா, சன்னம்னா பொன்னி அரிசி. புல்லட்னு அப்படியே விட்டா இன்னும் மோசம், இங்க எவனுக்கும் டுபு டுபுன்னு பைக்குதான் காதுல கேக்கும், 1955லேர்ந்து மெட்ராஸ்ல கட்டின வண்டியாச்சே. அந்த கம்பெனிக்கு என்ஃபீல்டுன்னு பேரு வந்ததே இங்கிலாந்துல என்ஃபீல்டுங்கற ஊர்ல இருந்த துப்பாக்கி ஃபேக்டரிக்கு பார்ட்ஸ் செஞ்சு குடுத்ததாலதான்.

வீடியோல இருந்த இன்னொரு சொல் ஹேண்ட்லோட். இதுக்கு நம்ம கிட்டயே பழைய சொல் இருக்கு, துப்பாக்கிக்கு மருந்து கெட்டிக்கிறதுன்னு. கையால கெட்டிச்ச தோட்டான்னு போட்டேன், கைமுறுக்கு மாதிரி கேக்குது, எனக்கு புடிச்சிருக்கு. (இங்க யாரும் முயற்சி பண்ணாதீங்க, லைசன்ஸ் இல்லாம தோட்டா வெச்சிருந்தாலே 1959 ஆயுதச் சட்டப்படி குத்தம். மச்சான் சுடற 22 ரைபிள் தோட்டால தீப்பொறி கெளப்புற மருந்து கூட்டோட விளிம்புக்குள்ளயே இருக்கும், அத வீட்ல கெட்டிக்கவும் முடியாது, கடைல வேற வேற லாட் (ஒரே தடவைல தயாரான தொகுதி) வாங்கி தன் துப்பாக்கிக்கு எது ஒத்து வருதுன்னுதான் பாப்பாங்களாம்.)

குண்ட எப்படி தேர்ந்தெடுக்கிறதுங்கற எடத்துலதான் தமிழ் எனக்கு கை குடுத்துச்சு. ரைபிள்னா குழல் உள்ள முறுக்கி முறுக்கி பள்ளம் வெட்டியிருக்கும், அதுக்கு புரின்னு போட்டா போதும், வலம்புரி சங்கு நமக்கு தெரியாதா என்ன. முக்காவாசி ரைபிள் வலம்புரி, லீ என்ஃபீல்டு இடம்புரி! குண்டு நீளமாக ஆக புரி நெருக்கமா சுத்தணும், இல்லன்னா தலைகுப்புற தடுமாறும். 223 ரைபிள்ல 12 இஞ்சுக்கு ஒரு சுத்துன்னா 55 க்ரெயின் (இது குண்டோட எடை, எடை கூடினா நீளமும் கூடும்) குண்டு சரியா போகும், 77 க்ரெயினுக்கு 7, 8 இஞ்ச் வேணும். மேட்ச் குண்டு, அதாவது போட்டில சுடற குண்டோட மூக்குல ஒரு குட்டி ஓட்டை இருக்குமே, அது அழகுக்கு இல்ல, குண்டு மேல போத்தியிருக்கற செம்புச் சட்டைய அடியிலேர்ந்து மூக்கு பக்கமா இழுத்து மூடறதால வர்றது, அப்பதான் அடிப்பக்கம் பிசிறு இல்லாம ஒரே சீரா இருக்கும். குறி தப்பாம இருக்க மூக்க விட அடிதான் முக்கியமாம், இத நான் எதிர்பாக்கல.

டெஸ்ட் பண்றது ரொம்ப சிம்பிள், பொறுமைதான் வேணும். 100 கெஜத்துல ஒரே புள்ளிய பாத்து அஞ்சு சுட்டு, ஓட்டைங்கள்ல ரொம்ப தள்ளி இருக்கற ரெண்டோட நடு டு நடு அளக்கணும், அடுத்த தடவை ஒண்ணே ஒண்ண மட்டும் மாத்தணும், மருந்தோ குண்டோ. மூணு சுட்டுட்டு ஆஹான்னு சொன்னா ஏமாந்துடுவோம்னு அந்த வீடியோக்காரரே சொல்றாரு. இப்படி சேர்ந்து விழற ஓட்டைங்கள குரூப்னு சொல்றாங்க, நான் கொத்துன்னு போட்டேன், மாங்கா கொத்து மாதிரி.

கடைசியா க்ரெயின். பார்லி தானியத்துல வந்த எடை, 7000 சேர்ந்தா ஒரு பவுண்டு. நம்ம தட்டாருங்க கிட்ட நெல்லெடைன்னு இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, 4 நெல் ஒரு குன்றிமணி. ஆனா ரெண்டும் ஒரே எடை இல்ல, அதனால நெல்லெடைன்னு போட முடியல. 77 க்ரெயின்னா சுமாரா 5 கிராம், அரைப் பவுன் தங்கத்துக்கு கொஞ்சம் கூட, கிராம்லயே போட்டுடவான்னு மச்சான கேட்டேன். "வேணாம் மாமா, ரேஞ்சுல யாரு கிராம் சொல்றாங்க"ன்னான். க்ரெயின்னே விட்டுட்டேன்.