விசா போட்டோ: ஏன் திருப்பி அனுப்புகிறார்கள், எப்படி எடுத்தால் தேறும்?

விசாவுக்காக வங்கிக் கணக்கு அறிக்கை, டிக்கெட், தங்குமிடப் பதிவு என்று வாரக் கணக்கில் காகிதம் சேர்ப்பவர்கள்கூட போட்டோவைக் கடைசி நாளுக்குத்தான் விடுவார்கள். பர்ஸில் பழையது ஒன்று இருக்கிறது, அதையே ஒட்டிவிடலாம் என்ற தைரியம்தான். ஆனால் அமெரிக்கா, ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), கனடா, சீனா எல்லாமே கடந்த 6 மாதத்துக்குள் எடுத்த படத்தைத்தான் கேட்கின்றன. எப்போது எடுத்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மூன்று வருடம் முன்பு வாங்கிய பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே சட்டை, அதே காலர் மடிப்பு, காதோரம் அதே முடிக்கற்றை விண்ணப்பத்திலும் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு நொடி போதும்.

விதிகளை வரிசையாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அவை ஏன் வந்தன என்று தெரிந்தால் பாதி தானாகவே புரிந்துவிடும். பாஸ்போர்ட், விசா போன்ற பயண ஆவணங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐ.சி.ஏ.ஓ., ஒரு தர ஆவணம் வைத்திருக்கிறது. அதன் எண் 9303. பெரும்பாலான நாடுகளின் போட்டோ விதிகள் அதைத் தழுவியவைதான். ஆளை அடையாளம் காண இயந்திரங்களுக்கு முகத்தையே முதன்மையான அடையாளமாக வைத்துக்கொள்வது என்று 2003-இல் அந்த அமைப்பு முடிவு செய்தது. ஆக, உங்கள் படத்தைப் பார்க்கப்போவது அதிகாரி மட்டும் இல்லை, கணினியும்தான். கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள தூரம், மூக்கு, வாய், தாடை எங்கெங்கே இருக்கின்றன என்பதெல்லாம் அதற்குக் கணக்கு. பல் தெரியச் சிரித்தால் கன்னம் ஏறும், கண் சுருங்கும், வாய் அகலும், கணக்கு மாறிவிடும். அதனால்தான் வாயை மூடி, சாதாரண முகத்தோடு, நேராகப் பார்க்கச் சொல்கிறார்கள். கைதி மாதிரி இருக்கிறதே என்று பலர் வருத்தப்படுவதுண்டு. எல்லார் விசா போட்டோவும் அப்படித்தான் இருக்கும், விடுங்கள்.

அளவு விஷயத்தில் ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்ற சொல் நம்மை நன்றாகவே ஏமாற்றும். உலகம் முழுவதற்கும் ஒரே பாஸ்போர்ட் சைஸ் கிடையாது. ஷெங்கன் விசாவுக்கு அகலம் 35, உயரம் 45 மில்லிமீட்டர். சீனாவுக்கு 33-க்கு 48. அமெரிக்காவுக்கு 2 அங்குலச் சதுரம், அதாவது 51-க்கு 51 மில்லிமீட்டர்.

காகிதத்தின் அளவைவிட, அதற்குள் முகம் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஷெங்கன் படத்தில் முகம் மொத்த உயரத்தில் 70 முதல் 80 சதவீதம் வரை இருக்க வேண்டும். அமெரிக்கப் படத்தில் தாடையின் அடியிலிருந்து உச்சந்தலை வரை 25 முதல் 35 மில்லிமீட்டர், அதாவது 50 முதல் 69 சதவீதம். கனடாவின் சுற்றுலா விசாவுக்கு வெளி அளவு ஷெங்கன் மாதிரியே 35-க்கு 45 தான், அதற்குள் முகம் 31 முதல் 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஷெங்கனுக்காக நெருக்கமாக வெட்டிய படத்தை அமெரிக்காவுக்குப் பயன்படுத்த முடியாது. தலைக்கு மேலேயும் தோளுக்குப் பக்கத்திலும் இடமே மிச்சமிருக்காது. எனவே எடுக்கும்போது மார்பு வரைக்கும் தெரிகிற மாதிரி, நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். அந்த மூலப்படத்தை வெட்டாமல் பத்திரமாக வைத்துக்கொண்டு, எந்த நாட்டுக்குக் கேட்கிறார்களோ அதற்கு ஏற்ப ஒரு நகலை வெட்டிக்கொள்ளலாம். அகலத்தை மட்டும் இழுத்துச் சரிசெய்கிற வேலை வேண்டாம், முகம் சப்பையாகிவிடும்.

ஸ்டூடியோவுக்குப் போவதானால் நாட்டின் பெயரையும் முகத்தின் அளவையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீட்டிலேயே எடுக்கவும் செய்யலாம், செல்போன் போதும். ஆனால் செல்ஃபி வேண்டவே வேண்டாம். கை நீளத்தில் பிடித்து எடுக்கும் படத்தில் கேமராவுக்கு அருகிலுள்ள மூக்கு பெரிதாகவும், தள்ளியுள்ள காதுகள் சின்னதாகவும் விழும். சில போன்களின் முன்பக்கக் கேமரா, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றியும் பதிவு செய்துவிடும். இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விட்டால் அது உங்கள் முகமே இல்லை.

வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். போனின் பின்பக்கக் கேமரா, உங்கள் கண் உயரத்தில், ஒன்றரை மீட்டர் தள்ளி. படம் சின்னதாகத் தெரிகிறதே என்று கிட்டே வர வேண்டாம், பிறகு வெட்டிக்கொள்ளலாம். ‘போர்ட்ரெய்ட்’ முறையை அணைத்துவிடுங்கள். அது பின்னணியை மங்கலாக்குகிறேன் பேர்வழி என்று காது மடலையும் முடி ஓரத்தையும் சேர்த்தே மழுங்கடிக்கும். அழகு கூட்டும் ஃபில்டர் சில போன்களில் நாம் கேட்காமலேயே ஓடிக்கொண்டிருக்கும், அதையும் பார்த்து நிறுத்துங்கள்.

அடுத்து நிழல். என் கணிப்பில் வீட்டில் எடுக்கும் படங்களைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதலிடம். சுவரில் முதுகை ஒட்டி நின்று ஃப்ளாஷ் போட்டால், காதுக்குப் பின்னால் கருப்பாக ஒரு ஓரம் விழும், நெற்றி பளபளக்கும். தலைக்கு நேர் மேலே விளக்கு எரிந்தால் கண்குழியிலும் மூக்கின் கீழும் இருட்டு. பகல் வெளிச்சம் வரும் ஜன்னலைப் பார்த்தபடி நில்லுங்கள். நேரடி வெயில் முகத்தில் விழக் கூடாது. முதுகுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், அதற்கும் உங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் இடைவெளி. அந்த இடைவெளி இருந்தால் நிழல் சுவரில் படாமல் கீழே போய்விடும். எடுப்பவர் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்று வெளிச்சத்தை மறைக்காமல் சற்று ஒதுங்கி நிற்கட்டும், நீங்கள் கேமராவை நேராகப் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இரண்டு கன்னமும் ஒரே மாதிரி வெளிச்சமாக இருக்கிறதா, இரண்டு கண்மணியும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று.

உடை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளைச் சட்டை போட்டால் தோள் காணாமல் போய் தலை மட்டும் மிதக்கும், அதனால் நிறமுள்ளதைப் போடுங்கள். அமெரிக்க விதிப்படி சீருடை கூடாது. காதில் ஹெட்போன், ப்ளூடூத் எதுவும் இருக்கக் கூடாது.

மூக்குக் கண்ணாடியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அமெரிக்கா 2016 நவம்பர் 1 முதல் விசா படங்களில் கண்ணாடியை அனுமதிப்பதில்லை. கண் அறுவைசிகிச்சை போன்ற மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும், டாக்டர் கையெழுத்திட்ட கடிதத்தோடு விலக்கு உண்டு. மற்ற நாடுகளில் அனுமதி இருந்தாலும் கண்ணாடியில் வெளிச்சம் பட்டுப் பளிச்சிட்டால் படம் போச்சு. கழற்றி வைப்பது ஒரு நிமிட வேலை. மத வழக்கப்படி தினமும் தலையை மூடுபவர்கள் அப்படியே எடுக்கலாம். ஆனால் முழு முகமும் தெரிய வேண்டும், துணியின் நிழல் முகத்தில் விழக் கூடாது.

கைக்குழந்தைக்கு எடுப்பது தனிப் போராட்டம். வெள்ளை விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைத்து மேலிருந்து எடுப்பதுதான் சுலபம். கார் இருக்கையில் வெள்ளைத் துணி போர்த்தி உட்கார வைத்தும் எடுக்கலாம். தலையைத் தாங்கும் கை, பொம்மை, வாயில் ரப்பர் எதுவும் படத்தில் வரக் கூடாது. குனிந்து எடுப்பவரின் நிழலும் அப்படித்தான். பால் குடித்து, தூங்குவதற்கு முன்னால் இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு முப்பதாக எடுத்தால் ஒன்றாவது தேறும்.

எடுத்த படத்தில் கைவைக்காதீர்கள், பிறரையும் வைக்க விடாதீர்கள். எனக்கு ஒருமுறை ஒரு ஸ்டூடியோவில் முகத்தைப் பளிச்சென்று வெளுத்து, புருவத்துக்கு மேலே சிறுவயதில் விழுந்த தழும்பையும் துடைத்துக் கொடுத்தார்கள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் பாஸ்போர்ட்டில் தழும்பு இருக்கிறது, இதில் இல்லை. மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. செயலியை வைத்துப் பின்னணியை மாற்றினாலும் முடியின் ஓரங்கள் எலி கடித்தது போல் ஆகிவிடும். அதைவிட ஒரு வெள்ளைப் போர்வையைச் சுருக்கமில்லாமல் தொங்கவிடலாம்.

சரி, படம் நன்றாக வந்துவிட்டது. இனி இணையத்தில் ஏற்ற வேண்டும். அமெரிக்காவின் இணைய விசா விண்ணப்பமான டி.எஸ்.-160 படிவத்துக்கு 600-க்கு 600 முதல் 1200-க்கு 1200 பிக்சல் வரையிலான சதுரப் படம், ஜேபெக் (JPEG) வடிவம், 240 கிலோபைட்டுக்கு மிகாமல். இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டவருக்கான இ-விசாவுக்கும் சதுரம்தான், ஜேபெக்தான், ஆனால் 10 கிலோபைட் முதல் 1 மெகாபைட் வரை. ஐபோன் படங்கள் பெரும்பாலும் வேறு வடிவத்தில் சேமிக்கப்படும். கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மாற்றினால் வடிவம் மாறாது, முறையாக ஜேபெக்காக மாற்றிச் சேமிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அச்சடித்த போட்டோவை மறுபடி போனால் படம்பிடித்து ஏற்றுவது எல்லாவற்றிலும் மோசம்.

அச்சுப் பிரதிக்கு ஒரு சின்னக் கணக்கு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 35-க்கு 45 மில்லிமீட்டர் படத்துக்கு 413-க்கு 531 பிக்சல் வேண்டும். 4-க்கு 6 அங்குலத் தாள் ஒன்றில் இது எட்டு அடங்கும், அமெரிக்க அளவானால் ஆறு. அச்சடிக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வு இருந்தால் எடுத்துவிடுங்கள், அது அளவைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும். வெட்டியதும் ஸ்கேல் வைத்து, தாடையிலிருந்து உச்சந்தலை வரை அளந்து பாருங்கள்.

பிரிட்டன் விசா, கனடா விசா போன்றவற்றுக்குக் கைரேகை கொடுக்கப் போகும் மையத்திலேயே முகத்தையும் படம் எடுப்பார்கள். அந்தப் படத்துக்கு நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு போனால் போதும். டி.எஸ்.-160 நிரப்பியவர்கள் மட்டும் உறுதிப்படுத்தும் பக்கத்தை அச்சடித்ததும் படம் வரவேண்டிய கட்டத்தைப் பாருங்கள். அதில் உங்கள் முகத்துக்குப் பதில் பெருக்கல் குறி இருந்தால் படம் ஏறவில்லை என்று அர்த்தம். அப்படியானால் நேர்காணலுக்குப் போட்டோவின் அச்சுப் பிரதி ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.