பேப்பரிங்: சொல்லும் தமிழும்

சமகால மேற்கத்தியச் செவ்வியல் இசைக் கச்சேரி நடத்துவோரிடம் அடிக்கடி அடிபடும் சொல் ‘பேப்பரிங்’. சீட்டு விற்காதபோது இலவசமாகக் கொடுத்து அரங்கில் ஆள் சேர்ப்பதுதான் அது. முழுப்பெயர் ‘பேப்பரிங் த ஹவுஸ்’.

19ஆம் நூற்றாண்டு நாடகக் கொட்டகைப் பேச்சிலிருந்து வந்தது. இலவச அனுமதிச் சீட்டை அங்கே ‘பேப்பர்’ என்றே சொன்னார்கள். ‘ஹவுஸ்’ நமக்குப் பழகிய ‘ஹவுஸ்ஃபுல்’லில் வருவதுதான்: அரங்கு, அதில் இருக்கும் கூட்டம். இலவசச் சீட்டைக் குறிக்கும் ‘காம்ப்ளிமென்டரி’ என்ற சொல்லின் லத்தீன் வேருக்கும் ‘நிரப்பு’ என்பதே பொருள்.

400 இருக்கை அரங்கில் 90 சீட்டுதான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் மாடியையும் பின்வரிசைகளையும் யாரும் உட்காராதபடி மூடிவிட வேண்டும். 180 இருக்கை மிஞ்சினால் நிரப்ப வேண்டியது 90தான். ஆனால் 90 சீட்டு கொடுத்தால் போதாது. காசு போடாதவர்களில் பலர் வரமாட்டார்கள். கூடுதலாகக் கொடுத்து, முந்தின நாள் ஒவ்வொருவரிடமும் வருகையை உறுதிசெய்துகொள்ள வேண்டும். காசு கொடுத்தவர்களுக்கே நல்ல இடம். மற்றவர்களை ஒரே மூலையில் குவிக்காமல் விரவி உட்கார வைப்பார்கள்.

ஒலிக்கும் இதில் பங்கு உண்டு. மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும். மெத்தையில்லாத நாற்காலி போட்ட அரங்கு காலியாகக் கிடந்தால் எதிர்முழக்கம் (சுவர்களில் பட்டுத் திரும்பி ஒலி நீடிப்பது) நீண்டு, நுணுக்கமான தாளக்கட்டு குழம்பிவிடும். 1895 வாக்கில் ஹார்வர்டில் இயற்பியலாளர் வாலஸ் சபைன் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி, இந்த உறிஞ்சலை அளந்து காட்டினார்.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மனின் இரண்டாம் நரம்பிசை நால்வர் (நான்கு நரம்புக் கருவிகளுக்கான படைப்பு, 1983) முழுதாக வாசித்தால் ஏறக்குறைய 6 மணி நேரம். பெரும்பகுதி மிக மெல்லிய ஒலி. சும்மா வந்தவர் நடுவில் எழுந்தால் மடக்கு இருக்கையின் சத்தம் மேடைவரை கேட்கும். இசை மாணவர்கள், சேர்ந்திசைக் குழுவினர், வாத்தியம் வாசிப்போர் ஆகியோருக்குக் கொடுப்பதே சரி. அவர்கள் கிடைக்காவிட்டால் சிறிய அரங்குக்கு மாறுவது மேல். அடிக்கடி இலவசம் என்றால் காசு கொடுப்பவர்களும் கடைசி நாள்வரை காத்திருக்கத் தொடங்குவார்கள்.

இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷொன்பெர்க் 1918இல் வியன்னாவில் தொடங்கிய தனி இசைக் கழகம் நேர்மாறானது: உறுப்பினருக்கே அனுமதி, கைதட்டக் கூடாது, கடினமான படைப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். அரங்கை நிறைப்பது அதன் கவலையே அல்ல.

தமிழில் ‘காகிதமிடல்’ என்றால் யாருக்கும் புரியாது. செயலுக்கு ‘இலவச நிரப்பு’, சீட்டுக்கு ‘இலவசச் சீட்டு’ என்பவை பொருந்தும். ‘நேற்றுப் பாதி அரங்கு இலவச நிரப்பு’ என்று இயல்பாகச் சொல்லலாம். கணக்கேட்டிலும் விற்றவை, இலவச நிரப்பு, வந்தவர் என மூன்று பத்தியாகப் பிரித்து எழுதலாம்.