‘பாலட்’ என்பதற்கு ‘நாட்டார் பாடல்’ என்று எழுதாதீர்கள்

மாணவர்களுக்கான குறிப்புகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் மேடை அறிமுகங்களிலும் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கிலத்தில் ‘பாலட்’ (ballad, கதை சொல்லும் பாட்டு) என்று இருந்தால் தமிழில் ‘கதைப்பாடல்’ என்று எழுதாமல் ‘நாட்டார் பாடல்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். திருகோணமலையில் இந்தப் பிழை கூடுதலாக உறுத்துகிறது. கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டும் கோயிலில் படிக்கும் கண்ணகி வழக்குரையும் ஒரே மாவட்டத்தில் ஒலிக்கும் ஊர் இது. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க முடியாது என்பது இங்கே காதுள்ள எவருக்கும் தெரியும்.

சொல்லின் பிறப்பு எளிது. பிற்கால இலத்தீனில் ‘பல்லாரே’ என்றால் ஆடுதல். அதிலிருந்து தென் பிரான்சின் பழைய மொழியில் ‘பலாடா’ வந்தது; ஆட்டத்துக்குரிய பாட்டு என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனது. ‘பாலே’ நடனமும் அதே வேரில் முளைத்ததுதான். ஆங்கிலத்தில் ஆட்டம் உதிர்ந்தது, கதை தங்கியது. பிரெஞ்சில் மூன்று பத்தியும் ஒரு சிறு முடிப்பும் கொண்ட கட்டளைக் கவிதை ஒன்றுக்கு அதே பெயர் நிலைத்தது. அதற்கும் கதை சொல்லும் பாலட்டுக்கும் உறவு பெயரளவில்தான். இரண்டையும் குழப்பிய மொழிபெயர்ப்புகளும் உண்டு.

‘நாட்டார் பாடல்’ ஏன் பொருந்தாது? அந்தப் பெயர் பாட்டு யாருடையது என்று சொல்கிறது. பாட்டு என்ன செய்கிறது என்று சொல்லவில்லை. தாலாட்டு, ஒப்பாரி, அரிவி வெட்டுப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, அம்பா எல்லாம் நாட்டார் பாடல்கள். இவற்றில் எதிலும் கதை ஓடுவதில்லை. அம்பாவின் வேலை வலை இழுக்கும் கைகளை ஒரே நேரத்தில் அசையவைப்பது. தாலாட்டில் மாமன் வருவான், பொன் தொட்டில் வரும். ஒரு நிகழ்ச்சி அடுத்ததைப் பிறப்பிக்காது. ஒப்பாரியில் இறந்தவரின் வாழ்க்கை துண்டு துண்டாக வரும், ஆனால் அங்கே முறை வைப்பது அழுகை.

மறுபக்கம் பாருங்கள். வில்லியம் கூப்பர் 1782இல் எழுதிய ஜோன் கில்பின் பாட்டு ஆங்கிலத்தின் புகழ்பெற்ற நகைச்சுவை பாலட். திருமணம் முடிந்து இருபது ஆண்டான ஒரு துணிக்கடைக்காரர் மனைவி மக்களோடு எட்மன்டனில் விருந்துண்ணப் புறப்படுகிறார். வண்டியில் இடமில்லாததால் அவருக்கு இரவல் குதிரை. இடுப்புப் பட்டியில் இரண்டு வைன் சாடிகள். குதிரை மிரண்டு ஓட, தொப்பியும் பொய்முடியும் பறக்க, சாடிகள் உடைய, சுங்க வாயிற்காரர்கள் பந்தய ஓட்டம் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட, எட்மன்டனைத் தாண்டி வேர் என்ற ஊர்வரை போய்விடுகிறார். திரும்பும்போதும் அதே கதி. எழுதியவர் பெயர் தெரியும், ஆண்டு தெரியும், அவர் படித்த கவிஞர் என்பதும் தெரியும். இதை ‘நாட்டார் பாடல்’ என்று எழுதினால் மூன்றும் பொய்யாகிவிடும். ‘நகைச்சுவைக் கதைப்பாடல்’ என்று எழுதினால் ஒன்றும் பொய்யாகாது.

நாட்டாரிடமிருந்து வந்த பாலட்டுகளும் உண்டு. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட பெருந்தொகுப்பில் 305 உள்ளன. அவற்றை ‘நாட்டார் கதைப்பாடல்’ என்று சொல்லலாம். ‘நாட்டார்’ அங்கே அடைமொழி. அடைமொழியை எடுத்துப் பெயராக நிறுத்தியதில்தான் தவறு தொடங்குகிறது.

‘கதைப்பாடல்’ நேற்று முளைத்த சொல் அல்ல. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை போன்றோரின் பதிப்புகளால் அது ஆய்வுலகில் ஊன்றிவிட்டது. காத்தவராயன், நல்லதங்காள், முத்துப்பட்டன் கதைகளை இன்று அந்தப் பெயரில்தான் படிக்கிறோம். தூய தமிழ் வேண்டுவோர் ‘கதை’ வடசொல் ஆயிற்றே என்பார்கள். ஆகட்டும். ஈழத்தில் ‘கதைத்தல்’ என்றால் பேசுதல். குழந்தையின் வாயிலும் இருக்கும் வினைச்சொல் அது. ஆங்கிலத்தில் காப்பியத்தைக் குறிக்கும் ‘எபிக்’ என்ற சொல்லின் கிரேக்க வேரான ‘எபோஸ்’ என்பதற்கும் சொல், பேச்சு, கதை என்றெல்லாம் பொருள் உண்டு. நம் ‘கதை’யும் அதே அகலத்தோடு நிற்கிறது. இப்படிப்பட்ட சொல்லைக் கைவிட்டு இன்னொன்றை உருக்கி வார்க்கத் தேவையில்லை. கார்த்திகை, மார்கழியில் 21 நாள் நோன்பிருந்து கோயிலில் படிக்கும் செய்யுளுக்குப் ‘பிள்ளையார் கதை’ என்றே பெயர். முஸ்லிம் புலவர்கள் கதை சொல்லும் செய்யுளுக்குக் கிஸ்ஸா என்றார்கள், போர்க்கதைக்குப் படைப்போர் என்றார்கள். கிஸ்ஸா அரபுச் சொல்தான், பொருள் அதே கதை. தமிழ்நாட்டில் அம்மானை என்ற பெயரிலும் வீரர் கதைகள் பாடப்பட்டன. இத்தனை பெயர்களிலும் கதை நடுவில் நிற்கும்போது மொழிபெயர்ப்பாளர் அதை மட்டும் விட்டுவிடுவது பொறுக்கத்தக்கதல்ல.

இன்னொரு போட்டிச் சொல் ‘சிறுகாவியம்’. இது நாட்டார் பாடலைவிட நாகரிகமாகத் தெரிவதால் கூடுதல் தீங்கு செய்கிறது. காப்பியத்துக்கு அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் வரையறை சொல்கிறது: வாழ்த்து, வணக்கம், வருபொருள் ஆகியவற்றில் ஒன்று முன்வர வேண்டும், அறம் பொருள் இன்பம் வீடு நான்கும் பயக்க வேண்டும், தன்னிகர் இல்லாத் தலைவன் வேண்டும். அந்த நாற்பொருளில் குறைந்தால்தான் சிறுகாப்பியம். அடியின் நீளத்தில் குறைவதால் அல்ல. குதிரையில் தொங்கிக்கொண்டு போகும் துணிக்கடைக்காரரை இந்தக் கட்டுக்குள் எங்கே வைப்பது? பாரதி பாஞ்சாலி சபதத்தைக் காவியம் என்றார், சரியாகவே சொன்னார்; அங்கே பாரதக் கதையும் நாட்டின் விடுதலையும் நிற்கின்றன. நீண்ட பாட்டெல்லாம் காவியம் என்பது வேறு, அது இன்றைய சோம்பல். படம், கிரிக்கெட் ஆட்டம், கலியாண வீடியோ எல்லாம் ‘காவியம்’ ஆன பிறகு உண்மையான காப்பியத்தைச் சுட்ட வேறு சொல் தேட வேண்டியிருக்கிறது. ‘தொடர்நிலைச் செய்யுள்’ என்ற பழைய பெயர் இன்னும் தேயாமல் இருக்கிறது. கதை சொல்லும் செய்யுள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் தேவையானால் ‘பொருள் தொடர்நிலை’ போதும்.

கண்ணகி வழக்குரை எந்தப் பக்கம் என்ற கேள்வி வரும். இளங்கோவின் கதையிலிருந்து அது வெகுவாக விலகுகிறது: கண்ணகி பாண்டியன் தோட்டத்து மாங்கனியில் தோன்றுகிறாள், பேழையில் வைத்து நீரில் விடப்படுகிறாள். கிழக்குக் கரைக் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்குக் காலத்தில் காதை காதையாகப் படித்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கில் முடிப்பார்கள். காவியம் என்று அதைச் சொல்வதில் பிழை இல்லை. தன்னிகர் இல்லாத தெய்வத் தலைவி அங்கே இருக்கிறாள். ஆனால் அதைச் சுட்டிக்காட்டி எல்லாப் பாலட்டையும் காவியமாக்குவது சரியல்ல.

எதிர்ப்பக்க எடுத்துக்காட்டும் இங்கேயே உண்டு. “முன்னே குளக்கோட்டன் மூட்டுந் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே” என்று தொடங்கும் செய்யுளைத் திருகோணமலைக் கோட்டை வாசலோடு சேர்த்து எல்லோருக்கும் தெரியும். அதில் மன்னன் குளக்கோட்டன் இருக்கிறான், பறங்கியர் (போர்த்துக்கேயர்) கோணேசர் கோயிலை இடிப்பது இருக்கிறது, பிறகு வருவோரும் இருக்கிறார்கள். ஆனாலும் அது கதைப்பாடல் அல்ல. வருவதை முன்கூட்டிச் சொல்கிறது; ஒரு காட்சியையும் நடத்திக்காட்டவில்லை. நிகழ்ச்சியைக் குறிப்பதும் நிகழ்ச்சியை நடத்துவதும் வேறு வேறு.

பெயர் சரியானாலும் உருவம் கெடும் இடம் யாப்பு. ஆங்கில பாலட்டின் வழக்கமான பத்தி நான்கு அடி. முதலடிக்கு நான்கு அழுத்தம், இரண்டாமடிக்கு மூன்று, மீண்டும் நான்கு, மூன்று. இரண்டாம் அடியும் நான்காம் அடியும் இறுதியில் ஒலி ஒத்து முடியும். தமிழில் ஒலி ஒற்றுமை அடியின் தலையில், எதுகையாகத்தான் வலுவாக நிற்கும்; அடி இறுதியில் வரும் இயைபு துணைக்கு வருவது. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றப் பார்க்கிறார். இடம் நிரப்ப ‘அன்று’, ‘நன்று’, ‘ஆங்கே’ என்று அசைச்சொற்கள் நுழைகின்றன. குதிரை ஓடும் பாட்டு நொண்டத் தொடங்குகிறது. எதுகையை வைத்துக்கொண்டு இறுதி ஒலியை விட்டுவிடுவதே நல்லது. அறுசீர், எழுசீர் விருத்தங்களும் இதற்குத் தோதில்லை, நின்று வருணிக்கத்தான் அவை ஏற்றவை. சிந்து, கண்ணி என்ற இசைப்பாட்டு வடிவங்கள் வேகமாக நகரும். நொண்டிச் சிந்தில் கதை எவ்வளவு விரைவாக ஓடும் என்பதற்குப் பாஞ்சாலி சபதமே சாட்சி.

பெரிய நடையில் சிறிய விடயத்தைப் பாடி நகைக்கும் கவிதையைச் சிலர் ‘போலிக் காவியம்’ என்கிறார்கள். போலி என்றால் ஏமாற்று. அந்தக் கவிஞர் யாரையும் ஏமாற்றவில்லை. ‘நகைக் காப்பியம்’ என்பது நேராக இருக்கிறது. நம்மவர்கள் பெயர் தேடி அலையாமல் பெருநூலின் பெயரையே சிறுபொருளுக்குச் சூட்டினார்கள். யாழ்ப்பாணத்து நட்டுவச் சுப்பையனார் ஒரு கணிகையைப் பாடியதற்குக் கனகி புராணம் என்றும், கவிமணி நாஞ்சில் நாட்டுச் சொத்துரிமைக் கூத்தைப் பாடியதற்கு மருமக்கள்வழி மான்மியம் என்றும் பெயர். ஆங்கிலத்து நகைக் காப்பியத்தின் தலைப்பைத் தமிழாக்கும்போது இந்த வழியைக் கையாளலாம்.

இன்றைய பாட்டு நிகழ்ச்சிகளில் ‘பாலட்’ என்றால் மெதுவான காதல் பாட்டு. அதற்குக் கதைப்பாடல் என்று எழுதுவதும் பிழையே. அங்கே கதை இல்லை; ‘மெல்லிசைக் காதல் பாட்டு’ என்று எழுதினால் போதும்.