கேட்டலாக்கா, வீட்டுப் பார்ட்டியா? சமையலறைப் பொருள் விற்கும் பெண்களுக்கு

போன மாதம் ஒரு பெண் தன் கணக்கு நோட்டோடு என்னைப் பார்க்க வந்தார். டப்பா, வாட்டர் பாட்டில், நான்ஸ்டிக் தவாவைக் கடையில் வைக்காமல் ஆட்கள் மூலம் நேராக விற்கும் ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு வீட்டில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிப் பொருளைச் செய்து காட்டி விற்பது பார்ட்டி. படப் புத்தகத்தைக் கொடுத்து ஆர்டர் எடுப்பது கேட்டலாக். "அக்கா, பார்ட்டி வச்சா அலைச்சல் தாங்கல. கேட்டலாக் கொடுத்தா ஆர்டர் தானா வருது. இனிமே பார்ட்டியே வேண்டாம்னு இருக்கேன், சரிதானே?" என்று கேட்டார். நோட்டைப் புரட்டினேன். முதல் நாலு மாதம் இரண்டும் கலந்து செய்திருக்கிறார். அடுத்த நாலு மாதம் கேட்டலாக் மட்டும். ஆர்டர் கொடுத்தவர்களின் பெயர்களை விரல் வைத்து எண்ணினோம். கடைசி நாலு மாதத்தில் புதுப் பெயர் ஒன்றுகூட இல்லை.

மதுரையில் பன்னிரண்டு வருடம் இதே வேலையைச் செய்தவள் நான். இப்போது புதிதாகச் சேரும் பெண்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வியோடு வராதவர்கள் குறைவு. பெரும்பாலும் மாத விற்பனைத் தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் தப்பான பதில்தான் கிடைக்கும்.

நம் ஊரில் பாத்திரம் வாங்கும் பழக்கத்தை முதலில் நினைத்துப் பாருங்கள். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் வந்தால், அம்மாக்கள் அந்தச் சட்டியைக் கையில் வாங்கி, கனம் பார்த்து, விரலால் சுண்டி, அடியைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் பேரமே தொடங்கும். கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய பொருள் அது. கேட்டலாக் படத்தைச் சுண்டிப் பார்க்க முடியாது.

பார்ட்டி முறை பிறந்ததும் இதனால்தான். அமெரிக்காவில் எர்ல் டப்பர் 1946-இல் தன் பிளாஸ்டிக் டப்பாக்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது கடைகளில் அவ்வளவாகப் போகவில்லை. காரணம் மூடி. அதை அழுத்தி, ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். கடை அலமாரியில் இருக்கும் டப்பா அதைச் சொல்லித் தராது. பிரவுனி வைஸ் போன்ற பெண்கள் வீடுகளில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி உட்காரவைத்து மூடிக் காட்டினார்கள், விற்றது. 1951-இல் டப்பரின் டப்பர்வேர் நிறுவனம் கடைகளிலிருந்து சரக்கையே எடுத்துவிட்டு, இனி வீட்டுப் பார்ட்டிதான் என்று முடிவு செய்தது. பிஸினஸ் வீக் பத்திரிகையின் அட்டையில் வந்த முதல் பெண்ணும் பிரவுனி வைஸ்தான், 1954-இல். 1980-இல் சிகாகோ பக்கத்தில் பேம்பர்ட் ஷெஃப் நிறுவனத்தைத் தொடங்கிய டோரிஸ் கிறிஸ்டோபர் இன்னும் ஒரு படி போனார். கூப்பிட்ட வீட்டுச் சமையலறையிலேயே நின்று சமைத்துக் காட்டி விற்றார். டப்பர்வேர் 1996-இல் இந்தியாவுக்கு வந்தபோது நம் ஊருக்கும் அதே பார்ட்டி முறைதான் வந்தது.

ஆக, செய்து காட்டினால்தான் புரியும் பொருளுக்குப் பார்ட்டி. ஏற்கெனவே தெரிந்த, வாங்கிப் பழகிய பொருளுக்குக் கேட்டலாக். நான் பார்த்த நஷ்டங்களில் பாதி, இதை மாற்றிச் செய்ததால் வந்தவை.

பார்ட்டியில் எது விற்கும்? காலை பதினொரு மணி, பிள்ளைகள் பள்ளிக்குப் போயாயிற்று, எட்டுப் பேர் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். டப்பாவில் தண்ணீர் ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்தால் எல்லாரும் பார்ப்பார்கள். ஆனால் ஆர்டர் எழுதவைப்பது அது இல்லை. ஐந்து நாளைக்கு முன் டப்பாவில் போட்ட கொத்தமல்லித் தழையை எடுத்துக் கையில் கொடுங்கள். இட்லி மாவை எந்த அளவு வரை ஊற்றினால் பொங்கி வழியாது என்று டப்பாவில் விரல் வைத்துக் காட்டுங்கள். கயிறு இழுத்து வெங்காயம் நறுக்கும் சாப்பரை நீங்கள் இழுக்காதீர்கள், வந்தவரில் வயதான அம்மா ஒருவரிடம் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். அவர் "கை வலிக்கலையே" என்று சொன்னால் அந்த அறையில் நாலு ஆர்டர் எழுதுவார்கள்.

கேட்டலாக்கின் இடம் வேறு. ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு வாட்டர் பாட்டிலும் லஞ்ச் பாக்ஸும், கொலுவுக்கு வருபவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொடுக்க இருபது சின்ன டப்பா, வளைகாப்புக்கு ரிட்டர்ன் கிஃப்ட். இதற்கெல்லாம் யாரும் டெமோ பார்க்க உட்கார மாட்டார்கள். பள்ளி ஸ்டாஃப் ரூமிலோ வங்கியிலோ ஒரு கேட்டலாக் சுற்றி வந்தால் போதும். நவராத்திரிக்கு ஒன்றரை மாதம் முன்பே அது அவர்கள் கையில் இருக்க வேண்டும். மகாளய அமாவாசை தாண்டிக் கொடுத்தால் சரக்கு வந்து சேர நேரம் இருக்காது.

கேட்டலாக்கில் ஒரு பெரிய சிக்கல் அளவு. "படத்துல பெரிசா தெரிஞ்சுதே" என்று பொருள் கைக்குப் போன பிறகு வரும் வருத்தம் எல்லாருக்கும் பழக்கமாக இருக்கும். ஒரு லிட்டர் டப்பாவில் ஒரு கிலோ பருப்பு கொள்ளும் என்று வாங்குபவரும் நினைக்கிறார், விற்பவரும் நினைக்கிறார். கொள்ளாது. ஒரு கிலோ துவரம் பருப்புக்குச் சுமார் ஒண்ணேகால் லிட்டர் இடம் வேண்டும். அதனால் கேட்டலாக் கொடுக்கும்போதே பக்க ஓரத்தில் பென்சிலால் "பருப்பு ¾ கிலோ", "ரவை அரை கிலோ" என்று எழுதிக் கொடுங்கள். நீங்களே வீட்டில் கொட்டி அளந்து பார்த்து எழுத வேண்டும், ஊகத்தில் எழுதக் கூடாது. இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு எனக்குத் திரும்பி வந்த பொருள்கள் மிகவும் குறைந்துவிட்டன.

இனி கணக்குக்கு வருவோம். மார்ஜின், அதாவது விற்ற தொகையில் நம் கையில் நிற்கும் பங்கு, 25 சதவீதம் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் நிறுவனத்தில் வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பார்ட்டியில் 9,000 ரூபாய்க்கு ஆர்டர். மார்ஜின் 2,250. போக வர ஆட்டோ 300, டெமோவுக்குக் காய்கறியும் விளையாட்டுக்குச் சின்னப் பரிசும் 250, பிறகு சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆட்டோ 200. மிச்சம் 1,500. நேரம்? முதல் நாள் பை கட்டி வைத்தது, போய் வந்தது, பார்ட்டி நடந்தது, அப்புறம் பெயர் பெயராகப் பிரித்து டெலிவரி செய்தது எல்லாம் சேர்த்து ஒன்பது மணி நேரம். மணிக்கு 167 ரூபாய்கூட முழுதாக வராது.

கேட்டலாக்கில் ஐந்து பிரதி, ஒன்று 40 ரூபாய், 200 ஆயிற்று. மாத ஆர்டர் 6,000. மார்ஜின் 1,500. டெலிவரிக்கு 150 போனால் மிச்சம் 1,150. ஃபோன், வசூல் எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம். மணிக்கு 230 ரூபாய்.

என்னிடம் வந்த பெண் கண்டது இதைத்தான், தப்பாகவும் காணவில்லை. அந்த மாதத்துக்குக் கேட்டலாக்தான் லாபம். ஆனால் கேட்டலாக் போவது உங்களுக்குத் தெரிந்தவர்களிடம். ஒரு வீட்டுக்கு எத்தனை டப்பா வேண்டும்? நாலைந்து மாதத்தில் அலமாரி நிறைந்துவிடும், ஆர்டர் இளைக்கும். பார்ட்டியில் நீங்கள் முன்பின் பார்க்காத ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் "எங்க வீட்டுலயும் வைங்களேன்" என்று சொன்னால் அடுத்த பார்ட்டிக்குத் தேதி கிடைத்தது. மற்றவர்களின் பெயர் கேட்டலாக் கொடுக்கும் பட்டியலில் சேர்ந்தது. இந்த இரண்டும் ரூபாய்க் கணக்கில் வராததால் நோட்டில் யாரும் எழுதுவதில்லை. எழுதுங்கள். ஒவ்வொரு பார்ட்டிக்கும் கீழே இரண்டு வரி: எத்தனை புதுப் பெயர், எத்தனை அடுத்த தேதி. மூன்று பார்ட்டி தொடர்ந்து இரண்டுமே பூஜ்யம் என்றால், நீங்கள் ஒரே சொந்தக்கார வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கேட்டலாக் லாபத்தைத் தின்பது கடன். பார்ட்டியில் எல்லார் முன்னாலும் ஆர்டர் எழுதுவதால் முன்பணம் கேட்பது எளிது. கேட்டலாக்கில் "சம்பளம் வந்ததும் தர்றேன் மேடம்" என்பார்கள். மேலே சொன்ன 6,000-இல் ஒரே ஒருவர் 1,200 பாக்கி வைத்தால் அந்த மாத லாபம் முழுக்கப் போய், கையிலிருந்து 50 ரூபாயும் போகும். நிறுவனத்துக்கு நீங்கள் முழுப் பணம் கட்டிவிட்டீர்கள் அல்லவா? பழகிய முகத்திடம் பாக்கி கேட்க முடியாமல் இந்த வேலையையே விட்டவர்களை எனக்குத் தெரியும். ஆர்டர் எழுதும்போதே பாதிப் பணம் ஜிபேயில் வாங்குங்கள். சொந்த நாத்தனார் என்றாலும் இதுதான் முறை என்று முதல் நாளிலிருந்தே இருந்துவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது என் மனதில் வெகுநாளாக இருப்பது. என் ஆரம்ப காலத்தில் ஒரு பார்ட்டியில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், எல்லாரும் ஏதாவது எழுதுகிறார்களே என்று 1,200 ரூபாய் செட் ஒன்றை எழுதிவிட்டார். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நிற்கிறார். முகம் வாடியிருந்தது. "வீட்டுல சத்தம், அக்கா. எல்லார் முன்னாடியும் வேண்டாம்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு." ஆர்டரை அடித்துவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பார்ட்டியையும் "இன்னிக்கு யாரும் வாங்கணும்னு இல்ல, பார்த்துட்டு வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று சொல்லித்தான் தொடங்கினேன். அன்றைய ஆர்டர் கொஞ்சம் குறையும்தான். ஆனால் அந்த வீட்டுக் கதவு மறுபடியும் திறக்கும். கேட்டலாக்கிலும் இந்த நெருக்கடி உண்டு. அதிகாரியே தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடம் கேட்டலாக்கைச் சுற்றவிட்டால் அவர்கள் எப்படி வேண்டாம் என்று சொல்வார்கள்? அந்த மாதிரி ஆர்டரை நான் வாங்குவதில்லை.

சட்டமும் இதில் நம் பக்கம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் 2021 டிசம்பரில் வந்தன. அதன்படி அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டி நேரம் கேட்காமலும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது. விலை, பணம் கட்டும் முறை, திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை எல்லாவற்றையும் சொல்லித்தான் விற்க வேண்டும். நிறுவனம் ஒப்புதல் தராத விளம்பரத் தாள்களைக் கொடுக்கக் கூடாது. நீங்களே படங்களை வெட்டி ஒட்டி, விலை போட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பும் சொந்தக் கேட்டலாக் இதில் மாட்டிக்கொள்ளும். நிறுவனம் அனுப்பும் பிடிஎஃப்பை அப்படியே அனுப்புங்கள். நிறுவனம் சொல்லாததைச் சொல்லி விற்கவும் கூடாது. "இந்த டப்பாவில் வைத்துச் சாப்பிட்டால் நோயே வராது" என்று பார்ட்டியில் யாராவது ஆர்வத்தில் சொன்னால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வாங்கியவருக்குக் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதை ஆர்டர் தாளிலேயே எழுதிக் கொடுக்கிறேன். விற்பவரே அந்த எண்ணைக் கொடுத்தால் வாங்குபவருக்கு நம்பிக்கை கூடுகிறது.

மாதக் கடைசி டார்கெட் பற்றியும் எச்சரிக்க வேண்டும். இன்னும் 4,000 ரூபாய் போட்டால் அடுத்த லெவல் பரிசு என்று, நிறுவனத்தில் உங்களுக்கு மேலே இருப்பவர் ஃபோன் செய்வார். உடனே நம் பெண்கள் சொந்தக் காசில் சரக்கு எடுத்துப் பரணில் வைப்பார்கள். விற்கக்கூடியதைவிட அதிகமாகச் சரக்கு வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. நானும் ஒரு தீபாவளிக்கு அப்படி எடுத்து, பொங்கல் தாண்டியும் விற்காமல், கடைசியில் கல்யாணங்களுக்கு மொய்க்குப் பதிலாகக் கொடுத்துத் தீர்த்தேன். இந்தத் தொழிலையே உலகுக்குப் பழக்கிய டப்பர்வேர்கூட 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பரணில் இருக்கும் சரக்கு உங்கள் சேமிப்பு இல்லை.

அந்தப் பெண்ணிடம் பார்ட்டியை விட வேண்டாம், மாதம் இரண்டு போதும் என்றேன். மீதி நாளில் கேட்டலாக். கேட்டலாக் வாங்கும் ஒவ்வொருவரிடமும், ஆர்டர் எழுதி முடித்த பிறகு, ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "உங்களுக்குத் தெரிஞ்சவங்க வீட்டுல யாராவது ஒரு மணி நேரம் இடம் தருவாங்களா?" முதலில் தயங்கினார். மூன்று வாரத்தில் ஃபோன் வந்தது. வரும் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் திருநகரில் ஒரு வீட்டில் பார்ட்டி. அந்த வீட்டு அம்மாவை இவருக்கு முன்பின் தெரியாது. எட்டு மாதமாக இவரிடம் கேட்டலாக் பார்த்து லஞ்ச் பாக்ஸ் வாங்கும் ஒரு டீச்சரின் நாத்தனாராம்.